அப்பா கட்டிய மடக்குப் படகு

உங்களில் பலருக்கு என் அப்பா இன்னமும் 'போட்டுக்காரர்'தான். போன மாதம் நம் குவார்ட்டர்ஸ் குடும்பம் ஒன்றின் கல்யாணத்தில், எங்களுக்கு எதிர் வரிசையில் குடியிருந்தவள் முழங்கால் ஆபரேஷன் முடிந்து கோலூன்றி வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டதே அதைத்தான். உங்க அப்பா ஒரு போட்டு பண்ணாரே, மடிச்சு சைக்கிள்ல வெச்சுகினு போவாரே, உனக்கு ஞாபகம் கீதா இல்லியா என்றாள். இருக்கிறது. பந்தியில் உட்கார்ந்து சொல்லக்கூடிய விஷயமில்லை என்பதால் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் தூக்கம் வரவில்லை. அந்த மழைக்காலத்தை நீங்களெல்லாம் ஜன்னல் வழியாகவும் மொட்டைமாடியிலிருந்தும் பார்த்தீர்கள். நான் அந்தப் படகின் முன்பலகையில் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு ஆகிற வயதுதான் எனக்கும் ஆகிறது. இனிமேல் சொல்லாமல் வைத்திருந்து என்ன செய்யப்போகிறேன்?

அப்பா கரிசல் பக்கத்துக்காரர். ஆவடிக்கு வேலைக்கு வரும்வரை ஊர்க் கண்மாயைத் தவிரப் பெரிய தண்ணீரைப் பார்த்தவரில்லை. நீச்சல் தெரியாது. தொழிற்சாலையில் ராணுவக் கூடாரம் தைக்கிற பிரிவில் துணி வெட்டினார். அம்மா ஆவடியை ஒட்டிய கோவில்பதாகைப் பெண். அந்த ஊர் ஏரிக்குக் கீழே இருந்த வயல்களில் கூலிக்கு நட்டும் அறுத்தும் பிழைத்த குடும்பம். அம்மாவின் தம்பி, என் மாமா, அங்கேயே சைக்கிள் கடை வைத்திருந்தார். வீட்டில் நானும், எனக்கு நான்கு வயது இளையவனான தம்பியும்.

தம்பியை உங்களுக்கு நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். காதுகள் இரண்டும் வெளியே விரிந்திருக்கும். ரயில் பைத்தியம். கூட்ஸ் வண்டி போனால் கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறையும்வரை தண்டவாளத்துப் பக்கமே நிற்பான். இன்னொரு வழக்கமும் அவனுக்கு உண்டு. கழற்றிய சட்டையைக் கடையில் மடிப்பதுபோல் நான்காக மடித்துத்தான் வைப்பான். அந்த வயதுப் பையன்களில் அப்படி ஒருவனை நான் பார்த்ததில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஏரி நிரம்பி, மிகைநீர் போகும் கலங்கல் வழிந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு வெளியே போன தம்பி திரும்பவில்லை. இருட்டுவதற்குள் ஏரிக்கரையில் அவன் சட்டை கிடைத்தது. நான்காக மடித்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல் வைத்திருந்தான்.

தீயணைப்பு வண்டி வந்தது. கயிறும் கொக்கியும் போட்டு இரண்டு நாள் தேடினார்கள். மாமாவும் அவர் சிநேகிதர்களும் கலங்கலுக்குக் கீழே கால்வாயோரமாக நெடுந்தூரம் நடந்து பார்த்தார்கள். வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கும், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் வீடுகளிலிருந்து எங்களுக்குச் சாப்பாடு வந்தது. பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். காரியம் எப்போது என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

அப்போதுதான் அம்மா வாய் திறந்தாள்.

"செருப்பு எங்க? சட்டைய கயட்டி வெச்சவன் செருப்ப போட்டுகினா தண்ணில எறங்குவான்? எம்புள்ள ஏரில இல்ல. ரயிலேறி எங்கியோ பூட்டான். தேடிக் கூட்டியாங்க."

செருப்பு கிடைக்கவில்லை என்பது உண்மைதான். கரை முழுக்கச் சேறு. அது சேற்றில் புதைந்திருக்கலாம், யாராவது எடுத்துப் போயிருக்கலாம். அம்மா அதையெல்லாம் கேட்பதாக இல்லை. மறுநாளே ரவிக்கைக்குள் தம்பியின் போட்டோவை வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். அன்றிலிருந்து தினமும் ரயில். ஒருநாள் சென்ட்ரல், ஒருநாள் அரக்கோணம். அநாதைப் பிள்ளைகளை வைத்திருக்கும் இடங்களையெல்லாம் விசாரித்துக்கொண்டு அலைந்தாள். திரும்பி வரும்போது புடவையில் கரிப்புகை வாசனை அடிக்கும்.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய காலண்டர் அட்டையை வெட்டி மடித்து ஒட்டிக்கொண்டிருந்தார். கூடார மாதிரி என்று நினைத்தேன். அதைக் கவிழ்த்துக் குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டியில் விட்டார். மிதந்தது. கூடாரம் என்பது கம்பும் துணியும்தானே, தலைகீழாய்ப் போட்டால் படகுதான் என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

அது மடங்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அதற்குக் காரணம் இருந்தது. கரையில் படகை விட்டுவைக்க அனுமதி கிடையாது. இரண்டாம் மாடியில் இருந்த எங்களுடைய ஒன்றரை அறை வீட்டில் பத்தடிப் படகு நுழையாது. சைக்கிளில் கட்டி எடுத்துப்போய், கரையில் பொருத்தி, வேலை முடிந்ததும் கழற்றிக்கொண்டு வரவேண்டும். நீளக் கம்புகளை மூன்று மூன்று துண்டாக்கி, கூடாரக் கம்பை இணைப்பதுபோல் குழாய்ப் பூண் போட்டுச் சேர்க்கலாம் என்று திட்டமிட்டார். துணிக்கு, சந்தையில் ஏலத்தில் எடுத்து விற்கும் கிழிந்த கூடாரத் துணி. படகின் வயிற்றுக்கு வளைவான விலா எலும்புகள் வேண்டுமே, அதற்குத்தான் அவருக்கு வழி தெரியவில்லை. பிரம்பை நெருப்பில் வாட்டி வளைத்துப் பார்த்தார். ஒரே இரவில் நிமிர்ந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் மாமா வந்தார். அப்பாவைத் தடுக்கச் சொல்லி உங்கள் அப்பாக்களில் யாரோ அனுப்பியிருக்க வேண்டும். அப்பாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது, நீச்சல் தெரியாதவர் ஏரிக்குள் போகப் படகு கட்டுவது திரும்பி வருவதற்கல்ல என்று குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேச்சு. மாமா வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார்.

"இன்னா மாமா இது? ஃபயர் சர்வீஸ்காரனே கைய விரிச்சிட்டான். நீ போயி இன்னா பண்ணப்போற? அக்கா ஒரு பக்கம் ரயில் ரயிலா சுத்திகினு கீது. நீ இப்டி குந்திகினு கீற. இந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சு?"

அப்பா கையில் வைத்திருந்த பிரம்பை நீட்டி, இது வளைந்து நிற்க மாட்டேன் என்கிறது மாப்பிள்ளை என்றார். மாமா அதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கிளம்பிப் போய்விட்டார். சாயங்காலம் கடையிலிருந்து துருப்பிடித்த சைக்கிள் ரிம்களைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு ரிம்மை நடுவில் அறுத்தால் இரண்டு விலா. துணி பதிந்து நிற்கப் பள்ளம் இருக்கிறது. கம்பி கோக்கும் துளைகளில் கம்புகளைப் போல்ட் போட்டு முடுக்கலாம். கழற்றினால் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடும். அப்பா அந்தப் பாதி ரிம்மை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்த முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது. தம்பி போனபின் அந்த முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது அன்றைக்குத்தான்.

கார்த்திகை முழுக்க வீட்டில் வேலை நடந்தது. கூடத்தில் கம்புகள், சமையலறை வாசல்வரை துணி. நான் பள்ளிவிட்டு வந்ததும் போல்ட்டுகளுக்கு எண்ணெய் போடுவேன், துளைகளில் நூல் கோத்துக் கொடுப்பேன். துணியில் தண்ணீர் புகாமலிருக்க, குங்கிலியத்தை ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சி மொட்டைமாடியில் விரித்துத் தடவினோம். மாடியில் துணி காயப்போட முடியவில்லை என்று உங்கள் அம்மாக்கள் சண்டைக்கு வந்ததும் அதனால்தான். அந்த வாசனை எங்கள் தலையணை வரைக்கும் ஏறியது. சாவு ஊட்டு வாசனை அடிக்குது என்று அம்மா என்னிடம் சொன்னாள். அப்பாவும் அவளும் நேராகப் பேசிக்கொள்வது நின்றுபோயிருந்தது. சாப்பாடு எடுத்து வைத்தாயிற்று என்பதைக்கூட என் வழியாகத்தான் சொல்லிக்கொண்டார்கள்.

முதல்தடவை ஏரியில் இறக்கியபோது படகு நடுவில் மடிந்துவிட்டது. கம்புகளின் இணைப்பு எடை தாங்கவில்லை. அப்பா மார்பளவுத் தண்ணீரில் தடுமாற, மாமா குதித்து இழுத்து வந்தார். கரையில் நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். அப்புறம் ஒரு வாரம் அப்பா வீட்டில் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார். குடைக்கம்பியில் ஒரு வளையம் மேலேறிக் கொக்கியில் மாட்டியதும் எல்லாம் விறைத்து நிற்கிறதல்லவா, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பூண்களை நீளமாக்கி, இணைப்பின்மேல் நகர்ந்து வந்து பூட்டிக்கொள்ளும்படி மாற்றினார். அடுத்த தடவை படகு வளையவில்லை. ஆனால் தையல் வழியாகத் தண்ணீர் கசிந்தது. கூடாரத்துக்குப் போடுகிற தையல் மழைக்குத் தாங்கும். ஏரிக்குத் தாங்கவில்லை.

இதற்கடுத்து நடந்ததை நீங்கள் யாரும் பார்க்கவில்லை. அப்பா பகல் ஷிப்ட். நான் பள்ளியிலிருந்து வந்தபோது வீட்டில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அன்றைக்கு ரயிலுக்குப் போகவில்லை. படகுத் துணி முழுவதையும் மடியிலும் தரையிலுமாகச் சரித்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தையலையும் பிரித்து, ஓரத்தை ஓரத்துக்குள் மடித்து, இரட்டைத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். தடித்த துணியில் ஊசி இரண்டு முறை ஒடிந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா பாக்கற? உங்கப்பாவாவது முழுகாம ஊடு வந்து சேரணும்ல."

மறுபடியும் மிஷினை மிதித்தாள். வேலையிலிருந்து வந்த அப்பா துணியைத் தடவிப் பார்த்தார். விரல் தையலின்மேல் வெகுதூரம் போயிற்று. அம்மா அடுப்படியில் இருந்தாள். தம்பி ஏரியில்தான் என்ற தன்னுடைய நினைப்புக்கு அம்மாவும் வந்துவிட்டாள் என்று அவர் எண்ணியிருப்பார் என்றுதான் நான் பலகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் தேடல் தொடங்கியது. ஷிப்டுக்கு முன்னால், விடிந்தும் விடியாமலும் இருக்கும்போது கிளம்புவோம். சைக்கிள் பாரில் கம்புக் கட்டு, கேரியரில் துணிச்சுருள், அப்பாவின் முதுகில் ரிம்கள். நான் துடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பேன். கரையில் ரிம்களை நிறுத்தி, கம்புகளைச் செலுத்தி, பூண்களை நகர்த்தினால் துணி தோல்போல விம்மி நிற்கும். என்னை ஏன் அழைத்துப் போனார் என்று கேட்பீர்கள். எடை சமமாக இருக்க முன்னால் ஒரு ஆள் வேண்டும், மாமாவுக்குக் கடை இருந்தது. அம்மா நீச்சல் கற்ற அதே ஏரியில் நான் மாமாவிடம் நீச்சல் கற்றவள். நடுவே ஏதாவது ஆனால் அப்பாவைவிட நான்தான் பிழைப்பேன்.

பனிப்புகை தண்ணீர்மேல் படுத்திருக்கும். கரையிலிருந்த ஒற்றைப் பனையையும் கோவில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து, வயல் உழுவதைப்போல் ஏரியை வரி வரியாகப் பிரித்துக்கொண்டார் அப்பா. துடுப்பை வைத்துவிட்டு நீள மூங்கிலை அடிவரை குத்துவார். எடுப்பார். கொஞ்சம் நகர்வார். மறுபடியும் குத்துவார். நான் தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பச்சை இருட்டில் பாசி அசையும். ஒரு தடவை வெள்ளையாக ஏதோ தெரிந்து விரலை மட்டும் நீட்டினேன். அருகில் போனால், யாரோ துவைக்கும்போது நழுவவிட்ட கிழிந்த வேட்டி. இன்னொரு நாள், பனிக்குள் எங்கேயோ ஒரு பையன் கூவுகிற சத்தம் கேட்டது. அப்பாவும் கேட்டார். மூங்கில் அப்படியே நின்றது. கரையில் மாடு ஓட்டிப்போன சிறுவன் அது என்று வெயில் வந்தபின்தான் தெரிந்தது. 

தை போய் மாசியும் போயிற்று. தண்ணீர் இறங்க இறங்கப் படகு ஓடக்கூடிய இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. பங்குனியில், முன்பு செங்கல்லுக்கு மண் எடுத்த நடுப்பள்ளம் மட்டும் மிஞ்சியது. அப்பா கடைசியாக வைத்திருந்த இடம் அதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளில் கட்டுகளை ஏற்றிவிட்டு, என்னைத் தாண்டி அம்மாவைப் பார்த்து, நீயும் வா என்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவளிடம் நேராகச் சொன்ன வார்த்தை. அம்மா மறுப்பாள் என்றுதான் நினைத்தேன். முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு வெளியே வந்து செருப்பை மாட்டினாள்.

அன்றைக்கு நான் கரையிலேயே நின்றேன். முன்பலகையில் அம்மா. அவள் தைத்த துணியில் அவளே உட்கார்ந்து போனாள். இந்த ஏரிக்குக் கீழே பிறந்தவள், தம்பி போன நாளிலிருந்து ஏரிப் பக்கம் முகம் திருப்பாதவள். அப்பா பள்ளத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை குத்திக்கொண்டே போனார். நடுவில் மூங்கில் எதிலோ சிக்கியது. அம்மா படகின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அப்பா இழுத்தார். சேறு வடிய ஒரு பழைய சாக்கு மேலே வந்தது, செங்கல் சூளைக்காரர்கள் விட்டுப்போனது. உள்ளே வெறும் மண். அதைத் திரும்பத் தண்ணீரில் விட்டார்.

அப்புறம் அம்மா முந்தானையை அவிழ்த்தாள். பொரி உருண்டை. தம்பிக்குப் பிடித்தது, கடையில் வாங்கினால் நான் என் பங்கிலும் பாதி கொடுக்க வேண்டியிருக்கும். அதை ஒன்றொன்றாகத் தண்ணீரில் விட்டாள். கொஞ்ச நேரம் மிதந்து, நனைந்து, பிரிந்துபோயின. அப்பா மூங்கிலைக் குறுக்கே வைத்துவிட்டு அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் அம்மா ரயிலுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. ஒருநாளும் போகவில்லை. சித்திரையில் ஏரி முழுக்க வறண்டது. உங்களில் சிலர் வெடித்த தரையில் கிரிக்கெட் ஆடப் போனீர்கள். பையன்கள் அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டார்கள், ஒன்றுமில்லை என்று ஒருத்தி வந்து எங்கள் வாசலில் சொன்னாள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போய்ப் பார்க்கவில்லை.

படகு பரணில் கிடந்தது. துணியை எலி கடித்தது. அப்பா ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது ரிம்களை மாமா பழைய இரும்புக்குப் போட்டார். கம்புகள் புதுவீட்டில் துணி காயப்போடும் கொடிக்கம்பாயின. அம்மா கடைசிவரை அப்பாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் கோபம் வந்தால் ஒரே ஒரு வார்த்தை சொல்வாள்: நீ மொதல்லியே அவன செத்தவனாக்கிட்ட. அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

அம்மா போனபின் அப்பா அம்பத்தூரில் என்னோடு இருந்தார். ஒரு மதியம் அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.  அவராகவே சொன்னார்.

"எல்லாரும் நான் அவனத் தேடிப் போனதாத்தான நெனச்சீக."

வேறு எதற்குப் போனீர்கள் என்றேன்.

"அவன் அங்க இல்லன்னு தெரிஞ்சுக்கிறதுக்குப் போனேன். கம்ப ஒரு எடத்துல குத்துவேன். ஒண்ணும் இருக்காது. அந்த எடம் தீந்துபோச்சு. அடுத்த எடம். இப்படியே ஏரி பூராம் தீந்துட்டா, அவ சொன்னதுதான நெசம்? ரயில்லதான போயிருக்கான்? கடைசியா மிச்சமிருந்தது அந்தப் பள்ளம். நீயே உங் கண்ணால பாத்துக்கோன்னுதான் அவளக் கூட்டிட்டுப் போனேன். அவ என்னடான்னா படையல் போடுற மாதிரி பொரியப் போட்டா."

நான் அவர் கையை விட்டுவிட்டேன். இதை அம்மாவிடம் ஒருமுறை சொல்லியிருக்கலாமே அப்பா என்றேன்.

"அவ கேப்பான்னு இருந்தேன். தெனமும் சைக்கிள நிறுத்திட்டு வருவேன். இன்னைக்குக் கேப்பா, அவன் அங்க இல்லன்னு சொல்லலாம்னு வருவேன். ஒருநாள்கூடக் கேக்கல."

எனக்கு அந்தக் காலைகள் தெரியும்; துடுப்போடு நான் முன்னதாகவே படியேறி வந்திருப்பேன். கீழே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டதும், உட்கார்ந்திருக்கும் அம்மா எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிடுவாள். பாத்திரம் இல்லாவிட்டாலும் திறந்துவிடுவாள். படியேறி வருகிற அப்பா ஏதாவது சொன்னால் காதில் விழாதபடி தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். இல்லை என்று அவர் சொல்லப்போகிறார் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? ஏரியில் இருக்கிறான் என்று ஒருநாள் சொல்லிவிடுவாரோ என்றுதான் அவள் பயந்தாள்.

இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவருடைய கையைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த நகங்களை வெட்டினேன்.